எந்தக் கை

அந்த ஒரு வாக்கியத்தைத் தொடாமலேயே நாற்பத்திரண்டு பக்கங்கள் எழுதிவிட்டேன். அதைச் சுற்றிக்கொண்டு போவது அத்தனை எளிதாக இருந்தது என்பதுதான் என்னை முதலில் அச்சுறுத்தியது. எங்கள் திருமணம், தம்போயில் வாங்கிய வரிசை வீடு, மகள் பிறந்தது, நான் பணி ஓய்வு பெற்றது, மனைவியின் நோய், மருத்துவமனை, இறுதிச் சடங்கு எல்லாம் ஒழுங்காக வந்து அமர்ந்தன. அவள் விழுந்த நாளின் காலைப் பொழுது மட்டும் நான்கு வரி அளவுக்கு வெற்றிடமாகக் கிடந்தது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் புள்ளி உள்ள தாளை அடியில் வைத்துவிட்டுத்தான் வேறு தாளை எடுப்பேன்.

அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது, முதலாண்டு நினைவு நாளன்று உறவினர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் ஒன்று வேண்டுமென்று மகள் கேட்டாள். இங்கே அத்தகைய மலர்களில் ஒரு வண்ணப்படம், ஒரு பதிகம், கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரின் பெயர்கள், அவ்வளவுதான் இருக்கும். அது போதாது, அம்மாவைப் பற்றி அப்பாதான் எழுத வேண்டும் என்றாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இலக்கணம் கற்பித்தவன் எழுத முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த காரணம் அவளிடம் சொல்லக்கூடியதன்று.

என்ன எழுதவில்லை என்பதை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மறுபடியும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

என் மனைவி ரெங்கம் என்ற ஊருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி விடுமுறைகளில் தாயுடன் பால்மரம் சீவப் போனவள். ரப்பர் அவளுக்குக் கித்தா. சந்தை அவளுக்குப் பாசா. எங்கள் கார் அவளுக்குக் காடி. நான் நகரத்தில், புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவன். திருமணமான முதல் வாரத்திலேயே அவள் பேச்சைத் திருத்தத் தொடங்கினேன். பெரும்பாலும் அன்பாகத்தான் திருத்தினேன். அவளும் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்றே நம்பியிருந்தேன்.

கடைசிப் பதினைந்து ஆண்டுகளாக அவளுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்குக்குப் போவாள். அங்கே தாதி ஒரு மெல்லிய நாரால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, கெபாஸாக இருக்கிறதா என்று மலாயில் கேட்பார். உணர்ச்சியற்றுப் போவதை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இன்று கால் கெபாஸ், நேற்று கட்டைவிரல் கெபாஸ் என்பாள். தமிழில் அதற்குச் சொல் உண்டு என்று நான் சொல்வேன். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது.

அன்று காலை பசியாறி முடித்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். அவள் கூடத்து நிலைப்படியில் வந்து நின்றாள்.

“கை கெபாஸா இருக்குங்க.”

நான் தலை நிமிராமல், “மரத்துப்போச்சுன்னு சொல்லு” என்றேன்.

“மரமா? நான் சீவுன மரம் பத்தாதா, நானே வேற மரமாவணுமா?”

நான் சிரித்தேன். அவளும் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை. அவள் அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அங்கே ஏதோ சரியும் சத்தம் கேட்டது. நான் போனபோது வலப் பக்கம் முழுவதும் செயலிழந்து, கீரைத் தட்டின் அருகே கிடந்தாள். பேச்சு போயிருந்தது. பதினொரு நாள் கழித்து, அதற்குப் பின் ஒரு சொல்லும் பேசாமல் இறந்தாள்.

நான் அவளுடைய பயனிலையைத் திருத்தினேன். எழுவாய் மாறியிருந்ததைக் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாகக் கால் என்று சொல்லிவந்தவள் அன்று கை என்றாள்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், கடைசியாக எத்தனை மணிக்கு அவர் வழக்கம்போல் இருந்தார் என்று கேட்டார். விழுந்த நேரத்தைச் சொன்னேன். அப்போது அது பொய்யன்று; காலையில் கேட்ட சொல் எனக்கு நினைவிலேயே இல்லை. பிற்பகலில் அடுத்த கட்டிலில் இருந்த ஒரு சீனப் பெண்மணியின் பாதத்தைத் தாதி ஒருவர் அழுத்திப் பார்த்து, கெபாஸா என்று கேட்டார். நிலைப்படியில் நின்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. அது நினைவுக்கு வந்த பத்தாவது நிமிடத்தில் மகள் வந்து சேர்ந்தாள்.

மகளின் வேலையையும் சொல்ல வேண்டும். அவள் நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனைக்குப் போகிறாள். பக்கவாதம் வந்தவர்களை மறுபடியும் நிற்கவும் நடக்கவும் பழக்குவது அவள் பணி. ஒரு மணி நேரத்தின் மதிப்பை எங்கள் குடும்பத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. சீருடையோடு ஓடிவந்தவள், அம்மா முன்னதாக எதுவும் சொல்லவில்லையா, தலைவலி, மயக்கம், கை கால் சோர்வு என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

இது பொய்.

அந்த ஒரு மணி நேரம் எதையாவது மாற்றியிருக்குமா என்று பதினொரு நாளும் எந்த மருத்துவரிடமும் நான் கேட்கவில்லை. மருத்துவர் கட்டிலை நெருங்கினால், தண்ணீர் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிடுவேன். பிறகு, வீட்டிலும் மகளின் கார் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டால் எழுதிய தாள்களை இழுப்பறைக்குள் தள்ளுவது பழக்கமாயிற்று. அந்த நான்கு வரி வெற்றிடத்தைப் பார்த்தால் அவள் கேட்டுவிடுவாள் என்று தோன்றியது.

மனைவியின் தங்கை ரெங்கத்தில் இருக்கிறாள். அக்காள் போன பிறகும் மாதம் ஒருமுறை பேருந்தில் வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்துவிட்டுப் போவாள். மலருக்கு எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். ஆபத்தில்லாத மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் படித்தேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், நான் முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அத்தான், கோவிச்சுக்காதீங்க. இந்தம்மா யாரு?”

உன் அக்காள்தான் என்றேன்.

“‘சந்தைக்குச் சென்று வருகிறேன்’னு எழுதியிருக்கீங்க. எங்கக்கா ஒரு நாளும் சந்தைக்குப் போனதில்ல. பாசாவுக்குத்தான் போவும்.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்கிட்ட போன்ல பேசறத நீங்க கேட்டிருக்கணும். அலமாக், என்னா பேச்சு பேசும். உங்க காடி சத்தம் கேட்டாப் போதும், ‘இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, வைக்கிறேன்’னு வெச்சிரும்.”

சிரித்துக்கொண்டே அழுதாள். நாற்பது ஆண்டுகள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோதெல்லாம் ஒரு தொலைபேசி வைக்கப்பட்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்ன அடுத்த செய்திதான் என்னை நிலைகுலைய வைத்தது. அக்காள் தினமும் காலையில் அவளை அழைத்துப் பேசுவாளாம். அன்று மட்டும் அழைக்கவில்லையாம். அழைத்திருந்தால் உடம்புக்கு என்னவென்று தன்னிடமாவது சொல்லியிருப்பாள் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறதாம்.

“உங்ககிட்ட ஒன்னும் சொல்லலதானே, அத்தான்?”

இல்லை என்று தலையசைத்தேன். இது இரண்டாவது.

அவள் போன பிறகு தாள்களை எடுத்து, மனைவி பேசுவதாக எழுதியிருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, அவள் உண்மையில் சொன்னபடி எழுத முயன்றேன். முடியவில்லை. மகள் முதலில் நடந்தபோது என்ன சொன்னாள், நான் ஓய்வு பெற்ற அன்று என்ன சொன்னாள், எல்லாவற்றின் பொருளும் நினைவில் இருந்தது. சொற்கள் என்னுடையவையாக இருந்தன. முற்றும் எச்சமும் பிசகாமல், வேற்றுமை உருபு விடுபடாமல், என் குரலில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரலோடு, அவள் சொல்லோடு, ஓர் எழுத்தும் மாறாமல் என்னிடம் எஞ்சியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். எழுத அஞ்சி நான் புள்ளி வைத்திருந்த வாக்கியம்.

அதை எழுதாவிட்டால் அவள் அந்த மலரில் எங்குமே இருக்க மாட்டாள். எழுதினால் என் மகள் படிப்பாள்.

அடுத்த வியாழக்கிழமை முற்பகலில் எழுதிக்கொண்டிருந்தபோது பேனா கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனேன், சுண்டுவிரலும் மோதிர விரலும் என்னுடையவையாக இல்லை. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாரையோ கிள்ளுவது போல் இருந்தது. முதலில் எழுந்தது வலியோ வியப்போ அன்று. வந்துவிட்டது என்ற எண்ணம். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறதே, உடைத்துத்தான் வர வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு இடக் கையால் மகளை அழைத்தேன். அவள் உடனே எடுத்தாள்.

என்ன சொல்வதென்று யோசித்து அழைத்தவனில்லை நான். வாயில் தானாக வந்தது.

“கை கெபாஸா இருக்கும்மா.”

அவள் குரல் மாறியது. முகம் தெரியும்படி போனை எதிரே வைக்கச் சொன்னாள். எப்போதிலிருந்து என்றாள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிறுத்தச் சொன்னாள். தான் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். எல்லாவற்றையும் செய்தேன்.

“இப்ப சிரிங்கப்பா.”

“வரல.”

“வரலன்னா? வாய் கோணுதா?”

“இல்லம்மா. சிரிப்பு வரல.”

மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி எழுதுகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அங்கே நரம்பு அழுந்தியிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் மாலையில் வந்து பார்க்கிறேன் என்றாள். விரல்களில் உணர்வு அதற்குள்ளாகவே திரும்பத் தொடங்கியிருந்தது. அழைப்பைத் துண்டித்திருக்கலாம். அவள்தான் துண்டிக்கவில்லை.

“நீங்க கெபாஸ்னு சொல்லி நான் கேட்டதே இல்லியே.”

“உங்கம்மா சொல்ற வார்த்தை.”

“தெரியும். கால் கெபாஸ்னுவாங்க.”

“கை,” என்றேன். “அன்னிக்குக் காலைல.”

அவள் பின்னால் யாரோ ஒரு முதியவர் அடியெடுத்து வைத்தபடி மலாயில் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு, எட்டு, ஒன்பது வரை கேட்டேன். வேலை முடிந்து வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஏழு மணி வரை இருந்த அச்சத்தை அளந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை. கழுவிய குவளைகளை மறுபடி கழுவினேன். தாழை நீக்கினேன், போட்டேன், நீக்கினேன். அவளிடம் சொல்ல விளக்கங்களைத் தயாரித்தேன். இனிப்புநீர் உள்ளவருக்குக் கை மரத்துப்போவதும் இயல்பே, அவள் நகைச்சுவையாகத்தான் பேசினாள், எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு விளக்கமும் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. நன்றாக அமைய அமைய அச்சம் கூடியது. நன்றாகக் கட்டிய வாக்கியத்தை நம்பித்தானே அன்று நாளிதழிலிருந்து தலை நிமிராமல் இருந்தேன். ஐந்து மணியளவில் அடியிலிருந்த தாளை எடுத்து, புள்ளியை அழித்துவிட்டு, அந்த நான்கு வரிகளையும் எழுதினேன்.

மகள் வந்தாள். முதலில் என் கையை விரல் விரலாகத் தொட்டு, முழங்கையைத் தட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கைகள் வேலை தெரிந்த கைகள். அவை நின்றதும் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

“நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். அவள் அம்மா நின்ற இடத்தையும், நான் சொன்ன திருத்தத்தையும், மரம் என்று அவள் கேலி செய்ததையும், மருத்துவமனையில் நான் மறைத்ததையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்.

“எந்தக் கை?”

அவள் எதைக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. வாதம் தாக்கியது வலப் பக்கத்தை. மனைவி அன்று இடக் கையைச் சொல்லியிருந்தால் அது பழைய இனிப்புநீரின் தொந்தரவு. நான் ஒரு சொல்லைத் திருத்திய கிழவன், அவ்வளவே. வலக் கையைச் சொல்லியிருந்தால் அது எச்சரிக்கை. அதை நான் இலக்கணப் பிழை போலத் தள்ளிவிட்டேன். இடது என்பது மூன்றெழுத்துச் சொல். அதை மறுக்க இந்த உலகில் யாரும் இல்லை. அந்தச் சொல்லை மகளும் எதிர்பார்த்தாள் என்றே அவள் முகத்திலிருந்து எனக்குப் பட்டது.

“தெரியலம்மா. நான் பாக்கல.”

“நிமிந்துகூடவா பாக்கல?”

“பாக்கல.”

எழுந்து அடுக்களைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து, இதை அச்சுக்குக் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். நீ வேண்டாம் என்றால் கொடுக்கவில்லை என்றேன்.

“என் தலையில தள்ளாதீங்கப்பா,” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பின் இரண்டு வாரம் அவள் வீட்டுக்கு வரவில்லை. நாள்தோறும் அழைத்தாள், மருந்து சாப்பிட்டீர்களா, கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள், வைத்துவிட்டாள். ஒவ்வொரு முறை போன் ஒலிக்கும்போதும் இன்றுதான் சொல்லப் போகிறாள் என்று நினைத்து எடுத்தேன். என்ன சொல்வாள் என்று நினைத்தேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

இடையில் மனைவியின் தங்கையை அழைத்து, இன்னின்ன இடங்களில் உன் அக்காள் எப்படிச் சொல்வாள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். சந்தை பாசாவாயிற்று, ரப்பர் கித்தாவாயிற்று. அந்தக் காலைப் பொழுதைப் பற்றி அவளிடம் வாய் திறக்கவில்லை. எல்லாத் தாள்களையும் அருகிலுள்ள அச்சகத்தில் கொடுத்தேன். அங்கே மெய்ப்புப் பார்ப்பவர் ஒருகாலத்தில் என்னிடம் படித்த பெண். சில நாளில் மெய்ப்பு வந்தது. மேலே, அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு: “ஐயா, அவசரத்தில் பிறமொழிச் சொற்கள் சில நுழைந்துவிட்டன. தாங்கள் கற்பித்தபடி திருத்தியுள்ளேன்.”

அந்தப் பக்கத்தைத் தேடினேன். ‘கை மரத்துப்போச்சுங்க’ என்கிறாள் என் மனைவி. ‘மரத்துப்போச்சுன்னு சொல்லு’ என்கிறேன் நான். சரியாகச் சொன்னவளையே திருத்தும் ஒரு மனிதன். பார்த்துக்கொண்டே இருந்தேன். நடந்ததற்கு இதுவும் ஒரு வகையில் நெருக்கமாகத்தான் இருக்கிறது, இப்படியே விட்டுவிட்டால் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று கடந்துபோய்விடுவார்கள் என்றும் ஓர் எண்ணம் ஓடியது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பயமூட்டியது.

சனிக்கிழமை காலை மகள் வந்தாள். மெய்ப்பு மேசைமேல் விரித்திருந்தது. இழுப்பறையில் தள்ளவில்லை. நின்றபடியே புரட்டினாள். அந்தப் பக்கத்தில் நின்றாள்.

“யாரு இத மாத்துனது?”

அச்சகத்தில் என்றேன்.

மேசையிலிருந்த என் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘மரத்துப்போச்சுங்க’ என்பதைக் கோடிட்டு அடித்து, மேலே ‘கெபாஸா இருக்குங்க’ என்று எழுதினாள். தமிழ் எழுதி வெகுகாலமாகிவிட்டதால் எழுத்துகள் பெரிதாக, தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் எழுத்துப்போல் இருந்தன. கீழே, எந்தக் கை என்று எனக்குத் தெரியாது என்று நான் எழுதியிருந்த வரியையும் படித்தாள். அதில் கை வைக்கவில்லை. தாள்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் அச்சகத்தில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே கேட்டாள்.

“சித்திக்கு யாரு சொல்றது?”

“நான்தான்.”

“பொஸ்தகத்துல படிச்சுத் தெரிய வேணாம்பா.”

நாளைக் காலை ரெங்கத்துக்குப் பேருந்தில் போகிறேன். எதற்கு என்று மனைவியின் தங்கையிடம் சொல்லவில்லை. அத்தான் தாமாக வருவது இதுவே முதல் முறை என்று அவள் மகிழ்ந்துவிட்டாள். பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்து நிற்பாள். பசியாறிவிட்டீர்களா என்று கேட்பாள். நான் சொல்வதை முழுவதும் கேட்பாள். பிறகு அக்காள் மகள் கேட்டதையேதான் அவளும் கேட்பாள். என்னிடம் வேறு விடை இல்லை.

இதை முழங்கையை ஊன்றாமல்தான் எழுதுகிறேன். இருந்தும் விரல் நுனிகளில் ஏதோ ஊர்கிறது. இம்முறை பார்த்துக்கொண்டேன். வலது.